அண்ணன் மூலை

ஜூன் 3

தங்கைக்கு,

வாயைத் திறக்காமல் இருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். பதினோரு வருடம் சின்னக் காலமில்லை. பேசாமல் இருந்ததற்கு என்னிடம் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. இருந்தாலும் எழுதும்படி ஒரு காரணம் வந்துவிட்டது.

முதலில் நலம். நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். ஐந்து வாரத்துக்கு முன்னால் ‘மூவரும்’ என்று எழுதியிருக்க எனக்குக் கை வந்திருக்காது.

என் மகளை, எங்கள் சின்னவளை, நீ பார்த்ததில்லை. பார்க்க விடாதவன் நான்தான், அதை மறைக்கவில்லை. அவளுக்கு எட்டு வயது. ஏப்ரல் நடுவில் காய்ச்சல் வந்தது. முதல் மருத்துவர் சாதாரண வைரஸ் என்றார். இரண்டாமவர் டைபாய்டு என்றார். மூன்றாமவர் என் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துக்கொண்டே, “அடுத்த வாரம் வாங்க” என்றார். இந்த மூன்று பேரையும் நான் மறக்கப்போவதில்லை. மறக்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன் என்பது உனக்குத் தெரியும். பன்னிரண்டாம் நாள் அவளால் கழுத்தைக் குனியமுடியவில்லை. என்னைப் பார்த்து, “ஏம்ப்பா ரெண்டு அப்பா நிக்கிறீங்க?” என்று கேட்டாள். பிறகு தூங்கத் தொடங்கினாள். எழுப்பினால் எழாத தூக்கம்.

பெரிய மருத்துவமனையில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று சொல்லமுடியும். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். தூக்கத்திலேயே குழந்தை உடம்பை உதறியதில் கிடைத்ததே கொஞ்சம். அதில் பெரும்பகுதியை வழக்கமான சோதனைகள் தின்றுவிட்டு ஒன்றுமில்லை என்று கைவிரித்துவிட்டன. மிஞ்சியது இரண்டு துளி.

“இதை வளர்த்துப் பாக்கணும்னா மூணு வாரம் ஆகும் சார்,” என்றார் பெண் மருத்துவர்.

“மூணு வாரம்னா...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் சார்,” என்றார்.

அப்போது உன் அண்ணி கேட்டாள்: “சின்னதா ஒரு சில்லு வெச்சு, ஒரு துளியிலேயே கிருமியோட மரபணுவைத் தேடுற சோதனை இருக்காமே டாக்டர், அதைப் பண்ணிப் பாக்கலாமா?” மருத்துவரே அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று யோசிக்கிற நிலையில் அன்று நான் இல்லை. மறுநாள் அலுவலகத்தில் விடுப்புக்காகச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியபோது சோதனையே முடிந்திருந்தது. யாரோ ஒரு மேடம் பெட்டியோடு வந்து, செய்து கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். காசநோய்க் கிருமி. அன்று பிற்பகலே மருந்தை மாற்றினார்கள். ஆறாம் நாள் அவள் கண்ணைத் திறந்து, “பசிக்குது, ஆனா ஆஸ்பத்திரிச் சாப்பாடு வேண்டாம்” என்றாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இன்னும் ஒரு வருடம் மாத்திரை உண்டு.

இதுவரை எழுதியது நன்றி. இனி எழுதுவது வேறு.

மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கும் பெண்ணிடம், அந்தச் சில்லைப் பார்க்கலாமா என்று கேட்டேன். “பார்த்து என்ன சார் பண்ணப்போறீங்க?” என்றாள். “நானும் பரிசோதகன்தான்மா, தண்ணீர்ப் பரிசோதகன்,” என்றேன். உறையில் போட்டு மூடிய சில்லை எடுத்துக் காட்டினாள். ஒரு தபால் தலை அளவு. உள்ளே தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால்கள். விட்ட துளி அவற்றின் வழியே ஓடி ஆயிரம் குட்டி அறைகளில் பிரிந்து நிற்கும். சூடாக்கினால், கிருமியின் மரபணு அகப்பட்ட அறை மட்டும் பச்சையாக ஒளிரும். சின்னவளின் துளியில் பதினேழு அறைகள் ஒளிர்ந்ததாம்.

உருப்பெருக்கி கேட்டு வாங்கிப் பார்த்தேன். நுழைவாயைத் தாண்டி வாய்க்கால் இரண்டாவது தரம் திரும்பும் இடத்தில், இடது பக்கம், எங்கேயும் போய்ச் சேராத ஒரு குட்டிச் சந்து. அதை எனக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் கணினியில் வரைபடம் போட்டபோது நான் அழிக்க மறந்த கோடு அது.

இந்தச் சில்லு உருவான ஆய்வகத்தில் உனக்கு ஏழு வருடம் சீனியராக இருந்தேன். நான் சொல்லித்தான் உன்னை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த ஏழாம் மாதம், எல்லாரும் கூடியிருந்த அறையில் எழுந்து நின்று என்னைக் காட்டிக்கொடுத்தாய். சின்ன வயதில் உனக்கு ‘ஓட்டை வாய்’ என்று சும்மா பெயர் வைக்கவில்லை. சில்லைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை என் பெயர் இல்லாமல் வெளிவந்தது. என் பெயரை அழித்தீர்களே, என் கோட்டை மட்டும் ஏன் அழிக்கவில்லை?

அது என் கோடுதானா? ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
குழந்தையின் தகப்பன்

---

ஜூன் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆமாம்.

கேட்டதற்குப் பதில் எழுதியாயிற்று. இனி எழுதுவதெல்லாம் என் இஷ்டம். கைபேசியில் நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க உன்னால் ஆகாது.

உன் உறையைப் பார்த்து எங்கள் ஆய்வகத்தில் தபால் வாங்கிவைக்கும் அம்மா பயந்துவிட்டார். “என்னம்மா இது, இத்தனை சுத்து டேப்பு ஒட்டியிருக்கு, உள்ளே ஏதாச்சும் வெடிக்குமா?” என்றார். “எங்க அண்ணன் எழுதியிருக்கார், வெடிச்சாலும் வெடிக்கும்,” என்றேன். அப்பா சங்கச் செயலாளராக இருந்தபோது சுற்றறிக்கை உறைகளை நாம் இரண்டு பேரும் நாக்கால் தடவி ஒட்டுவோமே, நினைவிருக்கிறதா? ஐம்பது உறையில் எனக்கு நாக்கு வறண்டுவிடும், நீ தொண்ணூறு வரைக்கும் போவாய். அப்பேர்ப்பட்டவன் இப்போது டேப் போடுகிறாய். எச்சில் பட்டால் தங்கை கண்டுபிடித்துவிடுவாள் என்று பயமா?

கோபிக்காதே. சிரிப்பதற்காகத்தான் எழுதினேன்.

உன் கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். நீ போன பிறகு, தவறு என்று நீ இழுப்பறையில் ஒதுக்கிவைத்த, அந்தக் கோடு உள்ள அச்சில் ஒரு நாள் சில்லு வார்த்தேன். வேறு அச்சு கைவசம் இல்லை. அதுவரை பத்துச் சில்லில் நாலு, காற்றுக் குமிழி அடைத்து வீணாகும். இதில் ஒன்றுகூட வீணாகவில்லை. ஏன் என்று தெரியாமல் ஒரு வாரம் கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். குமிழி வரும், திருப்பத்தில் தயங்கும், நேராக அந்தச் சந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். துளி அதன்பாட்டுக்குப் போய்விடும். அன்றைக்கு வரைபடத்தில் அந்த இடத்தில் ‘அண்ணன் மூலை’ என்று எழுதினேன். இன்றுவரை எல்லாப் படத்திலும் அந்தப் பெயர்தான். போன வருடம் புதிதாகச் சேர்ந்த பெண் ரொம்பப் பணிவாக வந்து, “மேடம், அண்ணன்கிறது எதோட சுருக்கம்?” என்று கேட்டாள். “அது ஒரு நீளமான விஷயம்மா,” என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்தது. பெட்டியோடு வந்த மேடம் நான்தான். அண்ணியைத் திட்டாதே. சின்னவள் பிறந்ததிலிருந்து அண்ணி என்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அன்று தொலைபேசியில், “ரெண்டு துளிதான் இருக்கு, நீ வா” என்றார். எங்கள் சில்லு இன்னும் சோதனைக் கட்டத்தில் இருப்பது. மருத்துவரிடம் பேசினேன், அண்ணி சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் வந்தேன். வண்டி குலுங்கியபோதெல்லாம் என் வீட்டுக்காரர் சாலை போட்டவனைத் திட்டினார், நான் அவரைத் திட்டினேன்.

முதலில் ஒன்றுமில்லாத வெறும் நீரை வைத்து ஒரு சில்லு ஓட்டினேன். ஒரு அறைகூட ஒளிரவில்லை. பிறகுதான் என் மருமகளுடைய துளியைத் தொட்டேன். அதை விடும்போது மூச்சே விடவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கும் பதினோரு வருடப் பழக்கம்தானே. பதினேழு வந்தது. எண்ணினேன், திரும்ப எண்ணினேன். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். பரிசோதனைக்கூடத்தில் அழக்கூடாது, கண்ணீரிலும் மரபணு உண்டு.

பரிசோதனைக்கூடம் முதல் மாடி, அவள் மூன்றாவது மாடி. மேலே போய் அவளைப் பார்க்கவில்லை. நீ வந்துவிட்டால் என்ன சொல்வாய் என்று தெரியவில்லை.

உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், “மச்சான் கடிதமா எழுதியிருக்கார், விடுப்பு விண்ணப்பம்ல எழுதியிருக்கார்,” என்றார். அடுத்த கடிதத்தில் ‘அண்ணன்’ என்று கையெழுத்துப் போடு. நான்கு எழுத்துதான்.

என்றும் உன் தங்கை,
ஓட்டை வாய்

---

ஜூன் 14

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் உன் அண்ணியைக் கூப்பிட்டேன்.

“எத்தனை வருஷமா நடக்குது இது?”

“பாப்பா பொறந்ததிலேருந்து.”

“எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?”

“தோணும். உங்க மூஞ்சியைப் பாத்ததும் போயிடும்.”

இதைச் சொல்லிவிட்டு அவள்பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் இரண்டு துணியை எடுத்து மடித்தேன். கேட்கவேண்டியது நிறைய இருந்தது. அறைக்குள் சின்னவள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் காதில் விழும்போது சண்டை போட வரவில்லை.

நீ வந்ததற்கும், செய்ததற்கும், நாலு மணி நேரம் பெட்டியை மடியில் சுமந்ததற்கும் நன்றி. வீட்டில் ஒரு குழந்தை முனகுகிற சத்தம் இருக்கிறது, அது உன்னால். தங்கைக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லாததால் வார்த்தை கோணல்மாணலாக வருகிறது.

ஆனால் நன்றி வேறு, வருத்தம் வேறு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல என்னால் முடியாது.

என்ன நடந்தது என்று நீ மறந்திருக்கலாம், சொல்கிறேன். அப்போது நாம் தாயின் ஒரு துளி ரத்தத்தில், வயிற்றில் இருக்கும் குழந்தையின் மரபணுவைத் தேடிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு சோதனையோடும் வெறும் நீரை ஊற்றிய சில்லு ஒன்றும் ஓடும். அதில் ஒரு அறையும் ஒளிரக்கூடாது. அந்தச் செவ்வாய்க்கிழமை நாற்பத்தோரு அறைகள் ஒளிர்ந்தன. வெறும் நீரில் மனிதனுடைய மரபணு. யாரோ ஒருவர் தன்னையே உள்ளே சிந்தியிருக்கிறார். அதோடு ஐந்து மாதத்து முடிவுகள் எல்லாமே சந்தேகத்துக்கு வந்துவிட்டன.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீ எழுந்தாய். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். “இது என்னோடது இல்ல சார். நான் ஒப்பிட்டுப் பாத்துட்டேன். பாதிதான் என்னோடது மாதிரி இருக்கு. மீதியில ஆண் அடையாளம் இருக்கு,” என்றாய். நம்மோடு வேலை பார்த்த கண்ணாடிக்காரன், “அப்ப உங்க அப்பா வந்து தும்மிட்டுப் போனாரா?” என்று சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. ஆய்வகத் தலைவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள்.

நீ சொன்னது பொய் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. சொன்ன இடம்தான் என் வருத்தம். முதலில் என் மேசைக்கு வந்து ஐந்து நிமிடம் தனியாகச் சொல்லியிருந்தால் நானே எழுந்து ஒப்புக்கொண்டிருப்பேன். அண்ணன் என்ற மரியாதைக்கு அந்த ஐந்து நிமிடம்கூட உன்னிடம் இல்லை. முடியும் தறுவாயில் இருந்த முனைவர் பட்டம் போயிற்று. இன்று குழாய் குழாயாகப் போய்ப் புட்டியில் தண்ணீர் பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
குடிநீர்ப் பரிசோதகர், இரண்டாம் நிலை

---

ஜூன் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டாம் நிலைப் பரிசோதகரின் கடிதம் கிடைத்தது. சின்னவள் பாட்டு முனகுகிறாள் என்ற வரியை என் வீட்டுக்காரருக்கு இரண்டு தரம் படித்துக்காட்டினேன். ‘கோணல்மாணல்’ நன்றியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். உன்னிடமிருந்து அப்படித்தான் வரும், வந்ததே பெரிது.

மற்றதை எழுத நாலு நாள் யோசித்தேன்.

அண்ணா, நான் உன் மேசைக்கு வந்தேன். புதன்கிழமை மாலை ஒரு தரம், வியாழன் மதியம் ஒரு தரம். புதன்கிழமை வந்தபோது எனக்கும் ஒன்றும் தெரியாது. “அண்ணா, எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க, நான் கையுறை கழட்டவே இல்ல,” என்றேன். நீ தலையைத் தூக்காமல், “ஆதாரம் இல்லாம உளறாத. போய் வேலையைப் பாரு,” என்றாய். சரி, ஆதாரம் தேடுவோம் என்று போனேன். ஆய்வகத்தில் எல்லாரும் தங்கள் மரபணு அடையாளத்தைப் பதிவேட்டில் கொடுத்திருக்கவேண்டும், இப்படி ஏதாவது கலந்தால் யார் என்று பார்க்க. அந்த விதியை எழுதியவன் நீ. பதிவேட்டில் எல்லாருடைய பக்கமும் இருந்தது. உன் பக்கத்தில் மட்டும் உன் கையெழுத்தில் ‘பிறகு’ என்று இருந்தது. நீ தவறு செய்யமாட்டாய் என்று நீயும் நம்பினாய், நாங்களும் நம்பினோம்.

வியாழன் மதியம் ஒப்பிட்டுப் பார்த்தேன். பாதி நான். மீதியில் ஆண். இந்த உலகத்தில் அப்படி இருவர்தான் உண்டு, அப்பாவும் நீயும். அப்பா அந்த வாசலை மிதித்ததே இல்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு உன்னிடம் ஓடி வந்தேன். “இதை ஒரு நிமிஷம் பாரேன்,” என்றேன். நீ காகிதத்தை வாங்கினாய், பார்த்தாய், மடித்தாய், என் கையில் திரும்பக் கொடுத்தாய். “எனக்கு வேலை இருக்கு,” என்றாய்.

அன்று மாலையே என்னை நீக்கும் கடிதம் தட்டச்சாகிவிட்டது. கூட்டத்தில் தலைவர் அதை மேசைமேல் வைத்திருந்தார், நான் உட்கார்ந்த இடத்திலிருந்து என் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. அவர் பேசிய இருபது நிமிடமும் நான் உன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘இப்போது எழுந்துவிடுவான், இப்போது எழுந்துவிடுவான்’ என்று. நீ தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாய். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எழுந்திருக்கவே மாட்டேன்.

உன் பெயர் கட்டுரையில் இல்லாமல் போனது தலைவர் முடிவு. நான் எதிர்த்துப் பேசினேனா என்று கேட்டால், இல்லை. அங்கே நானும் வாயை மூடிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து ஏழே மாதம் ஆனவளுக்குப் பயம். அதற்கு என்னை நீ திட்டலாம், அது நியாயம். அதனால்தான் அந்தச் சந்துக்கு உன் பெயரை வைத்தேன். உன் பெயரைப் போட முடியாது என்றார்கள், ‘அண்ணன்’ என்று போட யார் தடுப்பார்கள்?

நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் இப்போது ஒன்று கேட்கிறேன். அன்று நான் நின்றுகொண்டிருந்தபோது, அது உன்னுடையது என்று உனக்குத் தெரியுமா? ஆமாம், இல்லை என்று எழுதினால் போதும். எந்தப் பதில் வந்தாலும் நான் உன் தங்கைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் தெரிந்துகொள்ளாமல் உன் வீட்டுப் படி ஏற எனக்குக் கால் வராது.

வருவேன் என்றுதான் எழுதுகிறேன். ஆகஸ்ட் முதல் ஞாயிறு வரலாமா? ஒரு வரைபடம் இதோடு வைத்திருக்கிறேன், சின்னவளுக்கு. அவளைக் காப்பாற்றிய வாய்க்கால் எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும்.

கையெழுத்து விஷயம் மறந்துவிடாதே.

உன் தங்கை,
ஓட்டை வாய்

---

ஜூலை 2

ஓட்டை வாய்க்கு,

ஆமாம்.

தெரியும். வியாழக்கிழமை நீ காகிதத்தைக் காட்டியபோது இல்லை, செவ்வாய்க்கிழமையே தெரியும். நாற்பத்தொன்று என்று எண்ணியபோதே காலையில் நான் செய்தது நினைவுக்கு வந்தது.

எப்படி உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. உன் அண்ணிக்குக்கூட நான் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன். அன்று காலை வெறும் நீர்ச் சில்லில் குமிழி அடைத்துக்கொண்டது. அவசரம். பக்கத்தில் யாரும் இல்லை. முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, குழாய் நுனியை வாயில் வைத்து ஊதினேன். ஒரே ஒரு ஊது. குமிழி போய்விட்டது. சாமர்த்தியசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். யாராவது புதியவர்கள் அப்படிச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

இதில் ஒன்றைக் கவனி. அந்தச் சந்து உள்ள அச்சு அன்று என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. கோட்டை அழிக்க மறந்தது வெளியே தெரிந்தால் அவமானம் என்று உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, பழைய அச்சில் வார்த்த சில்லை எடுத்து ஓட்டினேன். என் தவறை மறைக்காமல் இருந்திருந்தால் குமிழி அடைத்திருக்காது, நான் ஊதியிருக்கமாட்டேன். உன் கடிதத்தில் அதைப் படித்த நாளிலிருந்து தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

ஐந்து நிமிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று எழுதினேன். நீ மேசைக்கு வந்தது எனக்கு மறக்கவில்லை. மறக்காமல் இருப்பதில் கெட்டிக்காரன் என்று எழுதிக்கொண்டவன், அதை மட்டும் மறந்தவன்போல் இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். நீ எழுந்து நின்று சொன்னதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். நான் உட்கார்ந்திருந்ததை விட்டுவிட்டேன். உன்னை அனுப்பிவிடுவார்கள், உனக்குச் சின்ன வயதுதானே, வேறு இடத்தில் சேர்ந்துகொள்வாய் என்று கோப்பையைச் சுற்றிக்கொண்டு நினைத்தேன். எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. மருத்துவமனையில் நான் படி ஏறும்போது, தொப்பியும் முகக்கவசமுமாக ஒருத்தி பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக இறங்கினாள். முகம் தெரியவில்லை. ஆனால் படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான், ஆறு வயதில் விழுந்ததிலிருந்து. நீ என்று தெரிந்தது. கூப்பிடவில்லை. ‘யாரோ ஒரு மேடம்’ என்று உனக்கே எழுதினேன். இரண்டாவது தரமும் வாயைத் திறக்காமல் நின்றேன். முதல் தரம் உன் வேலைக்காக நான் திறந்திருக்கவேண்டும். இந்தத் தரம் நீ என் குழந்தையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாய், அப்போதும் நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வரைபடத்தைச் சின்னவள் சுவரில் ஒட்டியிருக்கிறாள். உருப்பெருக்கி வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“அண்ணன் மூலையா? யாரோட அண்ணன்ப்பா?”

“உங்க அத்தையோட அண்ணன்.”

“அப்ப நீங்களா?”

“ஆமா. நான் அழிக்க மறந்த கோடு அது.”

“தப்பாப் போட்டதுக்குப் பேர் வெச்சிருக்காங்களா? என் நோட்டு பூரா தப்புத்தான் இருக்கு, எங்க டீச்சர் ஒண்ணுக்குக்கூட என் பேர் வெக்கலையே!”

உன் அண்ணி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். நானும் சிரித்தேன் என்று அவள் உனக்குத் தொலைபேசியில் சொன்னால் நம்பு.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, வழியில் அவரைத் திட்டாதே. எங்கள் வீடு முதல் மாடி. பதினெட்டுப் படி. மெதுவாக ஏறு, இரண்டு காலையும் வைத்தே ஏறு. இந்தத் தரம் நான் மேலே நின்று கூப்பிடுவேன். உன் எண்ணைத் தடுத்திருந்ததை நீக்கிவிட்டேன். ஆனால் உடனே பேசாதே. எனக்கு எழுதத்தான் கொஞ்சம் வருகிறது.

திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த மூன்று மருத்துவர்கள்மேலும் கண்ணாடிக்காரன்மேலும் கோபம் அப்படியே இருக்கிறது, விடுவதாக இல்லை. உன் தலைவரைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவேன். உன்மேல் வைத்திருந்ததைத் தேடிப் பார்த்தேன். அது எனக்குச் சேரவேண்டியது என்று தெரிந்தது. இடம் மாற்றி வைத்துவிட்டேன்.

நன்றி. இந்தத் தரம் வார்த்தை நேராகவே வந்திருக்கிறது, பார்.

இனி கையெழுத்து. ‘இப்படிக்கு’ என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். அந்த நான்கு எழுத்தை வேறு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது. ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றிருக்கவேண்டியவன் போடவேண்டிய கையெழுத்து அது. நீ படி ஏறி வந்து வாயால் கூப்பிடு, அதற்குப் பிறகு போடுகிறேன். தகப்பன், பரிசோதகர் என்று வேறு எதையாவது போட்டு ஒளிந்துகொள்ளவும் இந்தத் தரம் மனம் வரவில்லை.

டேப்பைச் சின்னவள் எடுத்து வந்தாள், வேண்டாம் என்றேன். தானே நாக்கால் ஒட்டுகிறேன் என்று அடம்பிடித்தாள், விடவில்லை. அவள் எச்சில் கலந்தால் சோதனைக்கான மாதிரி கெட்டுவிடும். உறையை நானே தடவி ஒட்டுகிறேன். எழுதியது யார் என்று சந்தேகம் வந்தால் உறை ஓரத்தைக் கொஞ்சம் கிழித்து உன் சில்லில் போட்டுப் பார். பாதி உன்னுடையதாக வரும். மீதியில் ஆண் அடையாளம் இருக்கும். அப்பா இந்த வாசலையும் மிதித்ததில்லை.

அது போதும் உனக்கு. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.